ஏழாம் தூணில் குடியிருப்பவர்

கொளஞ்சி செத்துப் பதினான்கு மாதம் ஆகியும் தன் முகவரியை ஒருநாள்கூடத் தவறாமல் தெரிவித்துக்கொண்டிருந்தான். அதற்காகத் தெர்வான் அரசு அவனுக்கு நற்சான்றிதழ் அனுப்பியிருந்தது.

கப்பல் பெட்டிகளை அடுக்கிச் செய்த தொழிலாளர் விடுதி அது. தபால் வந்தபோது சிலம்பரசன் வேலை முடிந்து குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்றான். கொளஞ்சி அவனுடைய அக்கா புருஷன். தாளை இரண்டு தடவை படித்தான். ‘ஓராண்டு முழுவதும் ஒருமுறைகூட முகவரி பிறழாத அயலுறைவாளர் கொளஞ்சி அவர்களின் ஒழுக்கத்தைப் பாராட்டி…’ கீழே துறைத்தலைவர் ஓர்மெக்கின் கையெழுத்து, பொன்னிற முத்திரை.

“உயிரோட இருக்குறவன் ஒருத்தனுக்கும் இந்தக் கடுதாசி வந்ததில்ல மாப்ள,” என்றான் பக்கத்துப் படுக்கைக்காரன் நைனா முகமது. “உயிரோட இருந்தா அசைவான்ல.”

சிலம்பரசன் தாளின் கடைசி வரியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். உறைவிடப் பதிவுத் துறைத் தலைமையகம், ஏழாம் தூண். மட்டம்: தரைக்குக் கீழே நான்கு மீட்டர்.

தெர்வான் தீவில் வேலைக்கு இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் விமான நிலையத்திலேயே கழுத்தெலும்புக்குக் கீழே ஓர் உறைமணியைத் தைத்து அனுப்புவார்கள். ஆட்கள் அதைப் புளியங்கொட்டை என்பார்கள். சுரங்கத்துக்குள்ளும் நிலவறைக்குள்ளும் வானொலி அலை செத்துவிடும் என்று அதை வேறு மாதிரி செய்திருந்தார்கள். அது எலும்பைத் தட்டும். காதுக்குக் கேட்காத தட்டல். எலும்பிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து தரைக்கு. தெருவுக்குத் தெரு புதைத்து வைத்த கேட்புத்தண்டுகள் அதைக் கேட்டு, எவன் எங்கே கிடக்கிறான் என்று எழுதிக்கொள்ளும். எத்தனை காலம் ஒளிந்தாலும் பிடிக்க வேண்டுமே, அதனால் நாற்பது ஆண்டு தாங்கும் மின்கலம். உள்நாட்டுக் குடிமக்கள் உடம்பில் இதெல்லாம் கிடையாது. அது அவர்களுடைய கண்ணியத்துக்கு இழுக்காம்.

சட்டம் ஒரே வரி. ‘ஒரு நாளில் அதிக நேரம் ஓர் உடல் எங்கே கிடக்கிறதோ அதுவே அதன் முகவரி.’ முகவரி மாறினால் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்குச் சிறை. காய்ச்சலில் கிடந்த நைனாவுக்குத் துணையாக ஆஸ்பத்திரி வராந்தாவில் பன்னிரண்டு நாள் படுத்ததற்காகச் சிலம்பரசன் இரண்டு மாதம் உள்ளே இருந்தான். “அங்க குடியிருக்கலய்யா, தொணைக்குப் படுத்திருந்தேன்” என்று சொல்லிப் பார்த்தான். பதிவேட்டுக்கு மேல் சாட்சி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சிறையில் தமிழில் படிக்கக் கிடைத்த ஒரே புத்தகம் உறைவிடச் சட்டம். வேறு வேலை இல்லாததால் அதை முழுக்கப் படித்தான்.

கொளஞ்சி விழுந்தது அந்தத் தலைமையகத்துக்கு அடித்தளம் போட்ட காலத்தில். ஏழாம் தூணின் குழிக்குள் காங்கிரீட் இறங்கிக்கொண்டிருந்தது. ஷட்டரிங் பலகை சரிந்து, அதன் மேல் நின்றவன் உள்ளே போனான். பம்ப்பில் நின்ற நைனா பொத்தானை அமுக்கி நிறுத்தினான். ஃபோர்மேன் ஓடிவந்து, நிறுத்தினால் குழாய்க்குள் கலவை இறுகிவிடும் என்று மறுபடி ஓடவிட்டான். நாற்பது நிமிடம் ஓடியது. சாயங்காலம் கம்பெனி வருகைப் புத்தகத்தில் கொளஞ்சி பேருக்கு நேராக எழுதினார்கள்: ‘பணியிடத்தை விட்டு ஓடியவர்.’

ஊரில் அக்கா தையல்நாயகியிடம் ஆளாளுக்குக் கதை சொன்னார்கள். அங்கே இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டானாம். அவள் தம்பிக்குப் போன் போட்டு ஒன்றுதான் கேட்டாள்.

“ஒடம்பக் கேளுடா. எனக்கு அது போதும். என் வீட்டுக்காரு ஓடிப்போன ஆளு இல்லன்னு நான் பாடையத் தூக்கிக் காட்டணும்.”

யாரிடம் கேட்பது? போலீஸ், உடல் எங்கே என்றது. உடல் இருக்கிற இடத்தைச் சொன்னால், கட்டடத்துக்குக் கீழே இருப்பதற்கு ஆதாரம் எங்கே என்றது. ஆதாரத்தை இப்போது அரசே முத்திரை குத்தி அனுப்பியிருந்தது.

மறுநாள் இருவரும் வேலைக்குப் போகவில்லை. தலைமையகம் ஏழு மாடி. கீழ்த்தளத்துக் கூடத்தின் நடுவில் வழவழப்பான பச்சைக்கல் பதித்த தூண் நின்றது. நைனா அதைப் பார்த்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான்.

ஓர்மெக் ஐம்பது வயது ஆள். மெலிந்த விரல்கள். மேசை மேல் மொழிமாற்றி இருந்தது. அது பேசும் தமிழுக்காக ஆட்கள் அதற்குப் புலவர் என்று பேர் வைத்திருந்தார்கள்.

“தாங்கள் வந்த காரணம் யாதோ?” என்றது புலவர்.

சிலம்பரசன் சான்றிதழை நீட்டினான். “இதுல எழுதியிருக்கறது நெசமா?”

ஓர்மெக் பார்த்தார், தலையசைத்தார். “பதிவேடு பிழைபடாது” என்றது புலவர்.

“அப்ப எங்க மாமா இந்தத் தூணுக்குக் கீழதான் கெடக்குறாரு. தோண்டிக் குடு.”

ஓர்மெக் தாளை மறுபடி படித்தார். முகம் மாறியது. கருவிக் கோளாறாக இருக்கலாம் என்று மெல்லச் சொன்னார்.

“கோளாறா? அப்ப என்னைய எதுக்குய்யா ரெண்டு மாசம் உள்ள வச்ச? அதே கருவிதான! நான் ஆஸ்பத்திரில குடியிருந்தேன்னு எழுதுனது நெசம், மாமா இங்க கெடக்குறது பொய்யா?”

புலவர் இதை எப்படி மாற்றிச் சொன்னதோ, ஓர்மெக் எழுந்து நின்றுவிட்டார். பதிவேடு ஓரிடத்தில் பொய் என்று அவர் கையெழுத்திட்டால், அதை வைத்து உள்ளே தள்ளிய நாலாயிரம் பேரையும் வெளியே விட வேண்டும். அது அவருக்குத் தெரியும். சிலம்பரசனுக்கும் தெரியும்.

“இறந்தவர் என்பதற்கு யாதொரு சான்றும் இல்லை,” என்றது புலவர் கடைசியில். “அன்னார் ஈண்டு உறைகின்றார். அவ்வளவே.”

“உறைகிறாரா?” நைனா சிரித்தான். “சரி. ஆபீசுல ஆளு குடியிருந்தா என்னா சட்டம், மாப்ள?”

அதற்கும் சட்டம் இருந்தது. கட்டி முடிக்கும்வரை ஓர் இடம் பணியிடம், அங்கே அயலார் கிடந்தால் குற்றமில்லை. திறப்பு விழா முடிந்துவிட்டால், வீடாகப் பதியாத கட்டடத்தில் அயலார் தங்குவது கள்ளக் குடியிருப்பு. புகார் வந்த பத்தாம் நாள் கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். ஆட்டுக்கொட்டகையில் கூலிகளைப் படுக்கவைத்த பண்ணைக்காரர்களுக்காகப் போட்ட சட்டம். சிலம்பரசன் கூடத்திலிருந்த புகார்ப்பெட்டியில் விரலை வைத்தான். பெட்டி ஆளைப் பார்க்காது, இடத்தைப் பார்க்காது. தலைமையகத்தின் மேலேயே புகார் பதிவானது.

எட்டாம் நாள் துறைக்காரர்கள் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்தார்கள். ஏழாம் தூணை வீடாகப் பதிந்துவிட்டார்கள். பச்சைக்கல்லில் ஒரு தகடு அடித்தார்கள்: கதவு எண் 7-அ. குடியிருப்பவர்: கொளஞ்சி. கதவுகள் பூட்டவில்லை. ஊழியர்கள் தூணைக் கடக்கும்போது, “வீட்டுக்காரர் இருக்கிறாரா?” என்று தட்டிவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பைச் சிலம்பரசன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தான். கையில் சுத்தியல் இருந்தால் உள்ளே போயிருப்பான்.

“ஒப்பன் ஊட்டுக் கல்லறையில இப்படித் தட்டுவானுவளா?” என்றான்.

“ஆத்திரப்படாத. என்னா செஞ்சிருக்கானுங்கன்னு பாரு,” என்றான் நைனா. “இந்த நாட்டுல ஒம்போது லட்சம் கூலி இருக்கோம். எவனுக்காச்சும் சொந்தமா கதவு நம்பர் உண்டா? உங்க மாமனுக்குக் குடுத்துட்டானுங்க.”

சிலம்பரசன் அவனைப் பார்த்தான். சட்டப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் நினைவுக்கு வந்தன. துணையர் உரிமை. பதிந்த வீடும், ஓராண்டு பிறழாத முகவரியும் உள்ள அயலார், கட்டிய மனைவியை அதே முகவரிக்கு அழைத்துக்கொள்ளலாம். வெள்ளைச்சட்டைக்காரர்களுக்காக எழுதியது. விடுதியில் பெட்டிக்குப் பன்னிரண்டு பேராகப் படுக்கிற எவனுக்கும் அது வாய்க்காது. தெர்வானில் உயிரோடு இருந்த ஆறு வருடமும் கொளஞ்சிக்கு அது வாய்க்கவில்லை. இப்போது அவனிடம் வீடு இருக்கிறது, முகவரி இருக்கிறது, ஒழுக்கத்துக்குச் சான்றிதழும் இருக்கிறது.

விண்ணப்பத்தைத் தையல்நாயகி ஊரிலிருந்து போட்டாள். துறையின் இயந்திரம் நான்கு நிமிடத்தில் ஒப்புதல் கொடுத்தது.

அவள் தெர்வானுக்கு வந்து, உறைமணி தைத்த இடத்தில் பஞ்சு ஒட்டியபடி, நேராகத் தலைமையகத்துக்குள் நுழைந்தாள். தோளில் ஒரு பை, கக்கத்தில் பாய். தூணடியில் பாயை விரித்து உட்கார்ந்தாள். காவலர்கள் ஓடிவந்தார்கள். அவள் காகிதத்தைக் காட்டினாள். படித்துவிட்டு விலகி நின்றார்கள். பதிந்த முகவரியிலிருந்து ஓர் அயலாரை அப்புறப்படுத்துகிறவனுக்கு மூன்றாண்டு சிறை. அதுவும் அதே புத்தகத்தில்தான்.

ஓர்மெக் புலவரைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். “அம்மையீர், இவ்விடம் வாழத் தகுந்ததன்று.”

“எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரரு இங்கதான வாழுறாரு,” என்றாள் தையல்நாயகி. “நீதான எழுதுன?”

“தங்கள் கோரிக்கை யாது?”

“ஒடம்பக் குடு. போறேன்.”

“தூணை அகழ்ந்தால் ஏழு மாடியும் சாயும்.”

“சாஞ்சா சாயட்டும். மேல உள்ளவங்கள எறங்கச் சொல்லு. பலகை சாஞ்சப்ப என் வீட்டுக்காரர எறங்கச் சொல்லி எவனாச்சும் சொன்னானா? நிறுத்துன பம்ப்பையும் மறுபடி ஓடவிட்டானுவளே!” குரல் கூடம் முழுவதும் கேட்டது. வரிசையில் நின்ற கூலிகள் திரும்பினார்கள். “பதினாலு மாசமா ஊர்ல என்னைய வாழாவெட்டிங்குறானுவ. நீ அவருக்குப் பொன்னு முத்திரை போட்டுக் கடுதாசி அனுப்புற!”

அவள் போகவில்லை. அங்கேயே சாப்பிட்டாள், ஊழியர் கழிவறையில் துணி அலசித் தடுப்புக் கம்பியில் காயப்போட்டாள். முகவரி தெரிவிக்க வந்த கூலிகள் அவள் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். சட்டத்தில் ‘உயிருள்ள உடல்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடலாமா என்று ஓர்மெக் மேலிடத்தைக் கேட்டார். சேர்த்தால் பதிவேட்டிலுள்ள ஒவ்வோர் உடலும் உயிரோடு இருக்கிறதா என்று துறை சோதிக்க வேண்டும், சோதித்தால் கிடைக்கிற பிணங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். மேலிடம் வேண்டாம் என்றது. ஒரு தூணை வெட்டுவது அதைவிட எளிது.

பத்தொன்பதாம் நாள் ஏழு மாடியையும் காலி செய்தார்கள். இரும்பு முட்டுகள் கொடுத்துத் தளத்தை நிறுத்தினார்கள். உள்ளூரில் துளைப்பான் பிடிக்க எவனுக்கும் தெரியாது. சிலம்பரசனும் நைனாவும்தான் பிடித்தார்கள். ஆறு நாள் உடைத்தார்கள். முதலில் வந்தது ஒரு கையுறை. உள்ளே கை இருந்தது. சிலம்பரசன் துளைப்பானை எறிந்துவிட்டு உளியை எடுத்தான். அதற்கப்புறம் கொளஞ்சி மேல் இயந்திரம் எதுவும் படவில்லை.

தையல்நாயகி பாயைச் சுருட்டினாள். புறப்படுகிறவர் புதிய முகவரி தர வேண்டும் என்றது புலவர்.

“சுடுகாடுன்னு எழுதிக்க,” என்றாள்.

துறை அத்தோடு முடிந்தது என்று நினைத்தது. ஆனால் துறைக்குத் தன் நற்சான்றிதழ்களில் பெருமை அதிகம். ஓராண்டு பிறழாதவர்களின் பட்டியலை ஆண்டுதோறும் சுவரில் ஒட்டுவார்கள். துளைப்பான் வேலைக்கு நடுவே தேநீர் குடிக்க உட்கார்ந்த நைனா அதைப் படித்திருந்தான். நூற்று அறுபத்து மூன்று பேர். நேபாளம், ஒடிசா, வங்காளம், அரியலூர். அத்தனை பேரும் கம்பெனிப் புத்தகத்தில் ‘ஓடியவர்கள்.’ பாலத்தின் மூன்றாம் கால், துறைமுக மேடை, விளையாட்டரங்கின் படிக்கட்டு என்று முகவரிகள் இருந்தன. ஒருவன்கூட ஓராண்டாக அசையவில்லை. நைனா பெயர்களை ஊர்வாரியாக எழுதி அவரவர் மனைவிமாருக்குக் கடிதம் போட்டான். ஏழாம் தூணுக்குக் கதவு எண் கொடுத்தபோதே துறை ஒரு முன்னுதாரணத்தைப் பதிந்துவிட்டிருந்தது. உடல் கிடக்கிற இடம் எதுவும் வீடுதான் என்று இயந்திரம் கற்றுக்கொண்டது. எல்லா விண்ணப்பங்களையும் அது வேகமாகத் தீர்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓர்மெக் ரொட்டி வாங்கிக்கொண்டு தன் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் திரும்பினார். வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவருக்குத் தெரியாத பாஷை. கழுத்தெலும்பின் கீழே புதுப் பஞ்சு. பக்கத்தில் பத்துப் பதினோரு வயதுப் பையன், காலடியில் பை. புலவர் அலுவலகத்தில் இருந்தது.

அவள் காகிதத்தை நீட்டினாள். அவருடைய தெரு, அவருடைய கட்டடம். மட்டம் என்ற இடத்தில் ‘மின்தூக்கிக் குழி’ என்றிருந்தது. ஒன்பது ஆண்டாக அவர் நாளுக்கு நான்கு தடவை ஏறி இறங்கிய மின்தூக்கி.

அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, வழி எந்தப் பக்கம் என்று கையால் கேட்டாள்.