மூத்தாளின் கோப்பை

சாய்வு நாற்காலியில் ஒரு நடிகை உட்கார்ந்திருக்கும் பழைய புகைப்படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் உதடுகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோட்டைக் கண்டார் பல் செட் கட்டுபவர். தூசி என்று நினைத்துத் துணியால் ஒற்றினார். போகவில்லை. வயசானால் கண்ணும் காலை வாரிவிடும் என்று நொந்துகொண்டு, வேலைக்கு வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தார். கோடு கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன.

அவள் ஊமைப்படக் காலத்து நடிகை. திரையில் ஓயாமல் வாயசைத்தவள்தான், ஆனால் ஸ்டில் எடுக்கும்போது வாயை மூடச் சொல்லிவிடுவார்கள். திறந்த வாய் படத்தில் கொட்டாவி மாதிரி விழும். சினிமாவுக்கு முன்னால் மேடையில் அவள் குரல் கடைசி வரிசைவரை கணீரென்று போகும் என்று பழைய நாடக நோட்டீஸ்கள் பீற்றிக்கொள்ளும். படத்தில் நடிக்கப் போனபின் அந்தக் குரலை யாருமே கேட்கவில்லை, ஓர் இசைத்தட்டுகூட மிஞ்சவில்லை. நாள் முழுக்க அடுத்தவர் வாயோடு மல்லுக்கட்டும் அவருக்கு, ஒரு பல்லைக்கூடக் காட்டாத இந்த வாய்மேல் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பித்து. வீட்டின் பின்னறை முழுக்க அவள்தான் இருந்தாள்.

"உங்க மூத்தாள் சாப்பிட்டாச்சா?" என்று மனைவி கிண்டல் செய்வாள். "எனக்கு முன்னாடியே வந்தவ, அவளுக்குத்தானே முதல் மரியாதை." அந்தக் கிண்டலைக் கேட்டும் இப்போது பத்துப் பதினைந்து நாள் இருக்கும்.

மனைவிக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. வண்டி தாமதம் என்பதைக்கூட அவள் சொன்னால் ஜனங்களுக்குக் கோபம் வராது என்று அவர் பெருமையாகச் சொல்வதுண்டு. கடைசியாக அவள் அப்படிப் பேசிய அன்றைக்கு, மாற்று ஆள் வராததால் இரட்டை வேலை பார்த்துவிட்டு, தொண்டை கட்டி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள். அவருக்கும் அலுப்பு. பல் அச்செடுக்கும் பாரிஸ் சாந்தைக் குழைத்துக் குழைத்துத் தோள்பட்டை விட்டுப்போயிருந்தது. வெந்நீர் வைத்தார், அலமாரிவரை நடக்கச் சோம்பல்பட்டு, மேசைமேல் கைக்கெட்டிய கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். ஒரு நாடகக் கம்பெனியின் பழைய பெட்டியோடு அப்போதுதான் வந்திருந்த கோப்பை அது. மேடை ஏறுமுன் நடிகை வெந்நீர் குடித்த கோப்பை.

"இது மூத்தாளோடதாச்சே?"

"கழுவிட்டேன், குடிம்மா."

கழுவவில்லை. மறுநாள் காலை அவள் குரல் கரகரத்தது, அதற்கடுத்த நாள் கிசுகிசுப்பானது, பிறகு அதுவும் அடங்கிவிட்டது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது, ஓய்வெடுங்கள் என்றார். குரல் திரும்பாவிட்டால் பதிவு செய்த குரலை வைத்துக்கொள்வோம் என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்வதற்குக்கூட வாயைத் திறக்கச் சலித்தவள்போல் தட்டைத் தள்ளி வைத்தாள்.

இவ்வளவுக்கும் நடுவில், கறுப்புக் கோட்டைக் கண்ட அவருக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சேகரிப்பவர்களின் புத்தி அப்படி. ஒரே காட்சியை இரண்டுமுறை எடுத்திருப்பார்கள், யாரிடமும் இல்லாத இரண்டாவது படம் தன் கையில் சிக்கியிருக்கிறது, இத்தனை வருஷம் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டார். அடுத்த படத்தை எடுத்தார். அதிலும் உதடுகள் பிரிந்திருந்தன. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் அதிகமாக.

பின்னறையில் பழைய காகிதத்தின் புளித்த வாசனைதான் எப்போதும் இருக்கும். இன்று அதன்மேல் வெந்நீர் ஆவியின் ஈரமும், யாரோ பக்கத்தில் நின்று மூச்சுவிடுவதைப் போன்ற வெதுவெதுப்பும் கவிந்திருந்தன. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. சட்டங்களின் நிழல்கள் சுவரில் நீண்டன. கூடத்துக் கடிகாரம், தெருவில் போகும் வண்டி, பக்கத்து வீட்டுக் குழாய் எல்லாம் கேட்டன. அந்த அறைக்குள் மட்டும் அவருடைய செருமல்கூட அவர் காதுக்கு வரவில்லை.

கடைசியாகச் சுவர் மூலையில் இருந்த பெரிய படம். மேடை உடையில் நேராகப் பார்க்கிறாள். சிரிக்கிறாள். பல் தெரிகிறது.

பூதக்கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனார்.

மேல்வரிசை முன்பல் ஒன்று இம்மி அளவு சாய்ந்திருந்தது. அந்தப் பல்லை அவருக்குத் தெரியும். நிலையத்துப் படிக்கட்டில் விழுந்து மனைவி உடைத்துக்கொண்ட பல்லுக்குப் பதிலாக வைத்தது. பழைய பல் சாய்ந்துதான் இருந்தது, நேராக வைத்தால் உங்க பெண்டாட்டி மாதிரியே இருக்க மாட்டேன் என்று அவள் கேட்டுக்கொண்டதால், வேண்டுமென்றே சாய்த்துச் செய்து வைத்தார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து இழைத்த பல். அவர் கைவேலை.

சமையலறைக்கு ஓடினார். தீப்பெட்டி. எல்லாவற்றையும் கொளுத்திவிடுவது. முப்பது வருஷச் சேகரிப்பு போனால் போகட்டும், இவள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினால் போதும். மேசையைத் தாண்டும்போது மனைவி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. முதுகு நேராக. தாடை லேசாக உயர்ந்து.

"என்னங்க."

நின்றார். கரகரப்பில்லாத குரல். முழுக் குரல். ஒரு கணம் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்துடுச்சாம்மா?" என்று திரும்பினார்.

அவள் உதடு அசையவில்லை.

"என்னங்க, தீப்பெட்டிய கீழ வைங்க." பின்னறையிலிருந்து வந்தது. கணீரென்று. "நான் இங்கதானே இருக்கேன். என்னையுமா கொளுத்துவீங்க?"

தீப்பெட்டி கையிலிருந்து விழுந்தது. குச்சிகள் சிதறின.

அவள்முன் மண்டியிட்டார். வேலையில் எல்லோரிடமும் சொல்லும் அதே வார்த்தைகள்தான் வாயில் வந்தன. "வாயத் திற பாப்போம். கொஞ்சமா திற, போதும்." கட்டைவிரலை அவள் உதட்டில் வைத்தார். பல் தட்டுப்படவில்லை. ஈறு தட்டுப்படவில்லை. உதடும் உதடும் பிரியும் கோடே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே வழவழப்பு. காய்ந்த காகிதத்தின் குளிர்ச்சி.

"அது இனிமே திறக்காதுங்க," என்றது அவர் மனைவியின் குரல், பின்னறைக்குள்ளிருந்து.

இவள் அவரைப் பார்த்தாள். கண்ணில் மட்டும் உயிர் இருந்தது. ஒரு சொட்டு நீர் கன்னத்தில் இறங்கி, மூடிய வாயின் ஓரம்வரை வந்து, கண்ணாடிமேல் விழுந்ததுபோல் அப்படியே நின்றது.