பிலிப்போவின் மரம்

கிளாரன்ஸ் அங்கிள் தன் பட்டறையில் புதிதாய்ச் சீவிய மெல்லிய பலகையைக் காதோரம் பிடித்து விரலால் தட்டியபோது, வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்த பிலிப்போ, "என்னம்மா?" என்றான்.

உள்ளே நின்றிருந்த அவன் அம்மா ஹவுனானி கூப்பிடவே இல்லை.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தாள். எதையும் யோசிக்கத் தெம்பில்லை.

"பையன் வாசிப்பானா, இல்ல சுவத்துல மாட்டி வைக்கவா?" என்று சிரித்தார் அங்கிள். ஹவாயின் ஹிலோ ஊரில், சின்ன கிதார் போன்ற உகுலேலே செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அந்தப் பலகை, புயலில் சாய்ந்த அவள் வீட்டு மரம்; கோவா என்று ஊரில் சொல்லும் காட்டு மரம். மட்கவிட மனசு வராமல், பள்ளிப்படிப்பை முடிக்கப்போகும் மகனுக்கு அதிலேயே ஒரு உகுலேலே செய்யச் சொல்லியிருந்தாள். மரத்தை வாங்கும்போதே அங்கிள் கேட்டார்.

"மரத்தடியில ஏதும் புதைச்சிருக்கா? இருந்தா நான் உளி வைக்க மாட்டேன்."

"ஒண்ணுமில்ல அங்கிள்."

பிலிப்போ பிறந்ததும் அவன் நஞ்சுக்கொடியைப் புதைத்து, அதன்மேல்தான் அந்தக் கன்றை நட்டாள். ஊரில் எல்லோரும் செய்வதுதான். உண்மையைச் சொன்னால் வேறு மரம் தேடி அலைய வேண்டும். அலைய அவளால் முடியவில்லை.

பக்கப் பலகைகளைச் சூட்டுக் குழாயில் வளைக்கப்போவதாக அங்கிள் போனில் சொன்ன நாள், தகரக் கூரையில் மழை விடாமல் கொட்ட, அடுப்பில் கொதிக்கும் அரிசி வாசனையையும் மீறிப் புதிதாய்ச் சீவிய மரத்தின் வாசனை வீடெங்கும் ஏற, அது எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடித்தபடியே போனவள் மகனின் கட்டிலருகே வந்து நின்றாள். அவன் உடம்பு அனலாய்க் கொதித்தது. இடுப்பு இருபுறமும் உள்வாங்கியிருந்தது.

"யாரோ என்னைச் சீவுற மாதிரி இருக்கும்மா."

அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தைத் தாங்கவும் அலுப்பாக இருந்தது. போனை எடுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"அங்கிள், நிறுத்துங்க! பொய் சொல்லிட்டேன். அடியில இவனோட கொடி இருக்கு."

மறுமுனையில் உளி கீழே விழும் சத்தம் கேட்டது.

"அடிப்பாவி," என்றார் அங்கிள். "இப்பவா சொல்ற? மேல்பலகை நடுவுல இப்பத்தான் சத்தம் வர்ற வட்ட ஓட்டை போட்டு முடிச்சேன்."

திரும்பினாள்.

பிலிப்போ எழுந்து உட்கார்ந்திருந்தான். சட்டை நெஞ்சில் அமுங்கியிருந்தது. வட்டமாக.

பொத்தானைக் கழற்றினாள். ரத்தமில்லை. நெஞ்சின் ஓட்டை வழியே, முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணையின் பூக்கள் தெரிந்தன.

"சோறு ஆயிடுச்சாம்மா?"

குரல் அந்த ஓட்டையிலிருந்து வந்தது. அவன் வாய் மூடியே இருந்தது.