மூச்சை வெட்டிய பாட்டு

சுகன்யா மேரியின் பாட்டில் மூச்சுச் சத்தம் கேட்டது. கேட்கக் கூடாது. பதிவிலிருந்த அவள் மூச்சையெல்லாம் ஒன்றுவிடாமல் வெட்டி எறிந்தவன் அவள் புருஷன் டேவிட்ராஜ்தான்.

வரதராசன்பேட்டையில் அவன் வீட்டுப் பின்னறைதான் ஸ்டுடியோ. சன்னலுக்கு மெத்தை, கதவுக்குக் கம்பளி, ஃபேன் கிடையாது. வெளியே மத்தியான வெயில் கொளுத்த, உள்ளே கம்பளியின் புழுங்கல் நெடியும் புதுப் பெட்டியின் பிளாஸ்டிக் வாசனையும் கலந்து இருட்டாகக் கிடந்தது. நாளை அவளுக்கு முதலாண்டு நினைவுத் திருப்பலி. அவள் கடைசியாகப் பாடிய மாதா பாட்டைக் கோயிலில் போட வேண்டும். பதிவிலோ குரல் வறண்டு கிடந்தது. பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடி வால்வு வழியாக விட்டால் குரலுக்கு உயிர் வரும் என்று யூடியூபில் எவனோ சொன்னதை நம்பி, மலிவான வால்வுப் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டான்.

அரியலூர் மைக்செட் தர்மராஜ் காலையிலேயே போனில் சிரித்திருந்தான். "ஏமாந்துட்டீங்கண்ணே. அந்த வெலைக்கு வால்வு சும்மா ஷோவுக்குத்தான். பின்னாடி குட்டி எல்இடி எரியும். கொரல்ல ஒண்ணும் மாறாது."

மாறியிருந்தது. ஒவ்வோர் அடிக்கு முன்னும் ஓர் இழுப்பு. பதிவு நாளில் அவள் இழுத்த அதே இழுப்பு. "மூச்சு வாங்குதுங்க," என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "மைக்குல கேக்குது, அடக்கிப் பாடு," என்று எரிந்து விழுந்தான் பாவி. அடக்கித்தான் பாடினாள். மூன்றாம் நாள் நெஞ்சு நின்றுபோனது. டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கலாம். பாழாய்ப்போன பாட்டு பெரிதாகிவிட்டது. அதை நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கணினியில் பாட்டை நிறுத்தினான். மூச்சு நிற்கவில்லை.

பெட்டியைத் திறந்தான். தர்மராஜ் சொன்னது சரிதான். வால்வுக்குப் பின்னால் சிவப்பு எல்இடி. வால்வைப் பிடுங்கினான். கையில் சில்லென்று இருந்தது.

ஹெட்போனில் இழுப்பு. விடுப்பு. இழுப்பு.

பெட்டியின் கரண்ட் ஒயரைப் பிடுங்கினான். சிவப்பு அணைந்தது.

ஹெட்போனைக் கழற்றினான். இப்போதும் கேட்டது. அறைக்குள்.

திரும்பினான். மூலையில் அவள் பாடிய மைக். அதன் முன்னால், எச்சில் தெறிக்காமலிருக்க மாட்டிய துணி வளையம். ஒரு வருஷமாக யாரும் தொடாதது. நனைந்திருந்தது.

"அடக்காத சுகன்யா," என்றான். "நல்லா மூச்சு வுடு தாயி."

இழுப்பு நின்றது.

மைக் இருந்த மூலையிலிருந்து அவள் குரலில் பாட்டு தொடங்கியது. முதல் அடி. இரண்டாம் அடி. பத்தாம் அடி. இடையில் மூச்சே இல்லை; அன்று அவன் சொன்னபடி அடக்கியே பாடினாள். அந்த ஈரத்துணி மட்டும், திறந்த வாயளவுக்கு உள்வாங்கியபடி, அப்படியே நின்றது.