பூவாடைக்காரியின் பங்கு

ஆட்டோக்காரர் வீட்டைப் பார்த்தார். திரும்பி சுகுணாவைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் நிறுத்தட்டுங்க?"

"பின்பக்கம்," என்றாள் சுகுணா. பங்கு பிரித்ததில் முன்வாசல் மாதவராஜுக்குப் போயிருந்தது.

பாலக்கோட்டில் அந்த வீட்டை அறியாதவர்கள் இல்லை. தக்காளி மண்டிக்குப் போகிற டிராக்டர்கள்கூட அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகும். ஒரே வீடு, ஒரே தளம், நடுவே ஒரு சிமெண்ட் கல் சுவர். கூடத்துச் சன்னலின் சரிபாதியில் போய் முட்டி நின்றது அது. சன்னல் கதவு ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவனுக்கு. மாடிப்படி அவனுக்கு, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் சுவிட்சு அவளுக்கு. ஊஞ்சல் பலகையை இவள் எடுத்துக்கொண்டாள், சங்கிலியை அவன் கழற்றிக்கொண்டான். அதற்கப்புறம் இரண்டு பேருமே ஆடவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

சுகுணாவுக்கும் மாதவராஜுக்கும் விவாகரத்து கிடைத்து வருஷமாகிவிட்டது. அது சுலபமாகத்தான் முடிந்தது. முடியாமல் இழுத்தது வீடு. பத்திரம் இருவர் பேரிலும் இருந்தது. அவன் பாதியை இவள் வாங்கிக்கொள்ளலாம் என்றால் அவன் கொடுக்கமாட்டான். இவள் பாதியை அவன் கேட்டால் இவள் எரித்துவிட்டுப் போவாள். மூன்றாம் மனிதருக்கு விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் இருவரும் ஒற்றுமையாகச் சொன்னவரைத் திட்டினார்கள். கடைசியில் வக்கீல்களுக்கே அலுத்துப்போய், நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு ஆளுக்குப் பாதியில் இருந்து தொலையுங்கள் என்று எழுதி வாங்கிவிட்டார்கள்.

சுகுணாவுக்கு அந்தப் பாதி போதாது. பஸ் நிலையத்துப் பக்கம் தையல் கடை வைத்து, நான்கு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவள் அவள். மாதவராஜ் தருமபுரியில் சொட்டுநீர்க் குழாய் கடை வைத்திருந்தான். ஒரு சட்டைப் பொத்தானைச் சரியான துளையில் போடத் தெரியாதவன் என்று அவனைப் பற்றிச் சொல்வாள். அப்படிப்பட்டவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டை விட்டு இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், வீடு முழுசும் தன் கைக்கு வர வேண்டும். அவளுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

பங்கு பிரித்த அன்றைக்குக் கடைசியாக மிஞ்சியது ஒரு மூங்கில் பேழை.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பூவாடைக்காரி உண்டு. தாலியோடு செத்துப்போன பெண்ணை, வீட்டில் நல்ல காரியம் நடக்கும்போது கிணற்றடியிலிருந்து கரகத்தில் அழைத்து வருவார்கள். புதுச்சேலை வைத்துப் படைத்து, அந்தச் சேலையைப் பேழையில் மடித்துக் கன்னிமூலையில் வைப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை எடுத்து அலசி, மறுபடியும் படைப்பார்கள். வந்தவள் வீட்டோடு இருப்பாள், வீட்டைப் பார்த்துக்கொள்வாள் என்று நம்பிக்கை.

இந்த வீட்டுக்கு வந்தவள் மாதவராஜின் அக்கா பாஞ்சாலி. அவள் பங்கு மனையில்தான் வீடே எழும்பியது. தம்பி நன்றாக இருக்கட்டும் என்று கொடுத்தாள், அஸ்திவாரம் போடுவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். புதுமனைப் புகுவிழாவுக்கு முந்தின நாள் கணவன் மனைவி இருவருமாய்க் கிணற்றடியில் நின்று அவளை அழைத்தார்கள். மஞ்சள் சேலை, சிவப்புக் கரை. சுகுணாவே போய் எடுத்தது.

உயிரோடு இருந்தபோது பாஞ்சாலி யாரையும் திட்டியது கிடையாது. முகவாயைத் தோளில் ஒரு இடி இடிப்பாள்.

"ம்க்கும்."

அவ்வளவுதான். அதை வாங்கியவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. தம்பியும் தம்பி பெண்டாட்டியும் புதுசாகச் சண்டை போடத் தொடங்கிய காலத்திலேயே அவர்கள் அதை நிறைய வாங்கியிருக்கிறார்கள்.

பேழை யாருக்கு என்று கேட்டபோது, எங்க அக்கா என்றான் அவன். நான் எடுத்த சேலை என்றாள் இவள். அதற்கு முந்தின மூன்று வருஷமாக இருவரில் ஒருவரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். அவனுடைய சித்தி குள்ளம்மாள்தான் குறுக்கே வந்தாள். பாஞ்சாலியை அழைத்த அன்றைக்குக் கரகம் எடுத்துவந்தவள் அவள்.

"யாருக்கும் வேணாமுன்னா கெணத்துக்கே அனுப்பி வெச்சிருங்க, கண்ணு. ஆனா அழைச்ச சோடிதான் நின்னு அனுப்பணும். சேந்து நில்லுங்க, ஒரு நாழி."

"இவகூட சேந்தா? சுடுகாட்டுல வேணா நிக்கிறேன்," என்றான் மாதவராஜ்.

"நீ முன்னால போயி படு. நான் வந்து நிக்கிறேன்," என்றாள் சுகுணா. 'ங்க' போட்டுப் பேசுவதை அவள் கோர்ட்டு வாசலிலேயே உதறிவிட்டு வந்திருந்தாள்.

பிறகு கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். சேலையைத் தரையில் விரித்தாள், சரிபாதியில் சாக்கட்டியால் கோடு போட்டாள். அவன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

கத்தரிக்கோல் ஓடியது. துணி அறுபடுகிற சரசரப்பு வரவில்லை. ஈரமான எதையோ நறுக்குகிற மாதிரி, மெத்மெத்தென்று ஒரு சத்தம்.

குள்ளம்மாள் செருப்பை மாட்டக்கூட நிற்காமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது ஆட்டோவிலிருந்து இறங்கி, பின்கதவைத் திறந்து, சுகுணா தன் பாதிக்குள் நுழைந்தாள். தன் பங்குச் சேலையைத் துணிக்கடைப் பையோடு பரணில் எறிந்தாள். சமையலறையில் அடுப்பு பற்றவைத்தாள். குடித்தனம் தொடங்கிவிட்டது.

முதல் சில நாட்கள் கடைக்கும் வீட்டுக்குமாகவே போயின. ஒரு செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. உச்சிவேளை. கரண்ட் போயிருந்தது. வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. உள்ளே மின்விசிறி நின்ற பிறகு ஒரு காகம்கூடக் கத்தவில்லை. சுகுணா தரையில் சாய்ந்து, கடைப் பெண் ஒருத்தியிடம் போனில் மாதவராஜின் குறைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிடுகிற சத்தம், அவன் குறட்டை, அவன் அக்கா கொடுத்த மனையில் அவன் காட்டின பவிசு.

முதலில் வாசனைதான் வந்தது. கிணற்றுப் பாசி. அரைத்த மஞ்சள். நசுங்கிய சாமந்தி.

பிறகு சுவருக்குள்ளிருந்து, மெல்ல:

"ம்க்கும்."

போனை வைத்துவிட்டு எழுந்தாள். ஒட்டுக் கேட்கிறான் என்று தோன்றியது. அக்காவைப் போலவே செய்து காட்டிக் கிண்டல் வேறு. சப்பாத்திக் கட்டையை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தாள். கரண்ட் வந்ததும் காலி மிக்சியைச் சுவரோரம் வைத்து ஓடவிட்டாள். அந்தப் பக்கம் பதில் இல்லை. பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் இருக்கிற மத்தியானம் எல்லாம் அது வந்தது. அவள் அவனைத் திட்டினால் வரும். தன்னைத்தானே மெச்சிக்கொண்டாலும் வரும். சில சமயம் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, மனசில் நினைக்கும்போதே வந்துவிடும். அதுதான் அவளுக்குச் சற்று உறுத்தியது.

ஒருநாள் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்தவள் நின்றுவிட்டாள்.

தரையில் ஈரக் கால்தடம்.

பின்வாசலிலிருந்து சுவர் வரைக்கும் நேராகப் போயிருந்தது. சின்னப் பாதம், மெட்டி விரலின் அழுத்தம்கூடத் தெரிந்தது. குனிந்து பார்த்தாள். முதல் தடம் வலது கால். அடுத்ததும் வலது கால். அதற்கடுத்ததும்.

இடது கால் எங்குமே இல்லை.

துடைத்தாள். துணியில் பாசி வாசனை ஏறியது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் தடம் மறுபடியும் கிடந்தது.

அவளுக்குப் பயத்தை விடக் கோபம் பக்கத்தில் இருக்கும். பின்கதவு சாவிக்கு அவன் நகல் வைத்திருப்பான், நொண்டி அடித்துப் பயங்காட்டுகிறான் என்று முடிவு கட்டி, போனை எடுத்தாள்.

"என்னா நொண்டி வெளையாட்டு வெளையாடுறே? வெக்கமா இல்ல?"

அவன் குரல் காற்றாய் வந்தது.

"உம் பக்கம் வலது காலா?"

சுகுணா தரையில் கிடந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"எம் பக்கம் எடது காலு," என்றான். "முன்வாசல்ல இருந்து சுவத்துக்கு வரும். நான் அங்க இல்ல சுகுணா. நீ குடி வந்த மறுநாளே கடைக்கு வந்துட்டேன். தருமபுரியிலதான் படுக்கிறேன்."

போனைக் காதில் வைத்தபடியே சுவரைப் பார்த்தாள்.

ஆளில்லாத பாதியிலிருந்து, சாவகாசமாக:

"ம்க்கும்."

வேறொருத்தியாக இருந்தால் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடியிருப்பாள். சுகுணாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து அடங்கியது. அடங்கினதும் ஒன்றே ஒன்றுதான் புரிந்தது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவள் பார்க்காமல் போய்விட்டானே என்பது மட்டும்தான் குறை.

"அப்ப உம் பாதி உனக்கு வேணாம்?" என்று கேட்டாள்.

அவன் மறுக்கவில்லை. அடுத்த வாரமே பத்திரப்பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டான். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, பார்க்கவே சகிக்கவில்லை. வெளியே வந்ததும் ஒரு பையை நீட்டினான். அவன் பங்குச் சேலை.

"சித்தியக் கூட்டியாந்து, ரெண்டு பேரும் நின்னு அனுப்பி வெச்சிரலாம். ஒரு நாழிதான்."

"உன்னோட சோடியா நிக்கறதுக்கு அவகூடவே குடித்தனம் பண்ணிட்டுப் போறேன்."

பையை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சேலையைப் பற்றி அவளுக்கு வேறு யோசனை இருந்தது. அறுத்ததுதானே குற்றம்? தைத்துவிட்டால் போயிற்று. ஊருக்கே தைக்கிறவளுக்கு இது ஒரு வேலையா?

அன்றைக்கே கடையில் உட்கார்ந்து இரண்டு பாதியையும் சேர்த்து ஓட்டினாள். மஞ்சள் நூல் தீர்ந்துபோயிருந்தது. செத்தவள் என்ன கண்ணாடி பார்க்கவா போகிறாள் என்று, மிஷினில் கோத்திருந்த பச்சை நூலாலேயே அடித்துவிட்டாள். பேழையில் திணித்து, கன்னிமூலையில் வைத்தாள். கொத்தனாரை வைத்துச் சுவரை இடித்தாள். சன்னல் முழுசாகத் திறந்தது. ஊஞ்சலுக்குப் புதுச் சங்கிலி மாட்டி, கூடத்தின் நடுவில் ஒற்றை ஆளாக ஆடினாள்.

சத்தமே இல்லை. தடமும் இல்லை. இதற்கா அந்த ஆம்பளை ஓடினான் என்று கடைப் பெண்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஆடி மாதம் பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. உச்சிவேளை. குளித்துக்கொண்டிருந்தவளுக்குக் கரண்ட் போனது தெரிந்தது. மின்விசிறி மெல்ல நிற்கிற ஓசை கூடத்திலிருந்து கேட்டது.

கிணற்றுப் பாசி. அரைத்த மஞ்சள். நசுங்கிய சாமந்தி.

சேலையைச் சுற்றிக்கொண்டு ஈரக் காலோடு வெளியே வந்தாள்.

பின்வாசலிலிருந்து தடம் புறப்பட்டிருந்தது. வலது, இடது. வலது, இடது. ஜோடிக் கால். சமையலறையைச் சுற்றி, சன்னலண்டை நின்று, சுவர் இருந்த கோட்டைத் தாண்டி, முன்வாசல் வரைக்கும் போய், அங்கிருந்து கன்னிமூலைக்குத் திரும்பியிருந்தது. அவசரமே இல்லாத நடை. சொந்த வீட்டைச் சுற்றிப் பார்க்கிறவளின் நடை.

பேழையின் மூடி திறந்து கிடந்தது.

சுகுணா சேலையை எடுத்து விரித்தாள். தலைப்பிலிருந்து கடைசி வரை விரலால் தடவிக்கொண்டே போனாள். மறுபடியும் தடவினாள். தான் போட்ட தையல் எந்த இருட்டிலும் அவள் விரலுக்குத் தெரியும்.

தையல் இல்லை. அறுத்த இடமே இல்லை. தறியிலிருந்து இறங்கினது போல ஒரே சேலை.

போட்டுவிட்டு எழுந்தாள். வந்த வழியே திரும்பினவள், குளியலறையிலிருந்து தான் நடந்து வந்த தடத்தைப் பார்த்தாள்.

இடது கால். இடது கால். இடது கால்.

குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். இரண்டும் இருந்தன. இரண்டிலும் தண்ணீர் சொட்டியது. வலது காலைத் தூக்கித் தரையில் அழுத்தி மிதித்தாள். எடுத்தாள்.

தரை காய்ந்து கிடந்தது.

இன்னொரு முறை மிதித்தாள். குதிகாலால் இடித்தாள். ஒன்றும் பதியவில்லை.

போன் அடித்தது. அவன்தான்.

"சுகுணா," என்றான். மூச்சு வாங்கியது. "இப்பத்தான் குளிச்சிட்டு வந்தேன். எனக்கு வலது காலு மட்டுந்தான் பதியுது."

அவள் காய்ந்த தரையைப் பார்த்தாள்.

"உனக்கு?"

குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

"என்னங்க," என்றாள். வருஷக்கணக்கில் அவன்மேல் போடாத 'ங்க' தானாக வந்தது. "சித்தியக் கூட்டிக்கிட்டு வாங்க. சேந்து நிக்கலாம்."

அவன் பதில் சொல்வதற்கு முன், முன்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கன்னிமூலையிலிருந்து அவளை நோக்கி ஒரு புதுத் தடம் விழுந்தது. வலது. பிறகு இடது. அவளுக்கு முன்னால் வந்து நின்றது. விரல்கள் அவளைப் பார்த்தபடி.

நடுவில் இப்போது சுவரும் இல்லை.

"ம்க்கும்."