தொட்டியில் மூன்று விரல்

பிணம் மூழ்க மாட்டேன் என்றது.

பிச்சைமுத்து இரண்டு முறை அழுத்திப் பார்த்தான். இரண்டு முறையும் முதலாளி மலையாண்டி மெதுவாக மேலே வந்து, வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று விசாரிப்பவர் போல முழித்தார்.

உயிரோடு இருந்தபோதும் அவருக்கு இதே பழக்கம்தான்.

1961. புதுக்கோட்டை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை. லேத் பட்டறையின் மற்ற டர்னர்கள் ஐந்து மணிக்கே போய்விட்டார்கள். பிச்சைமுத்து மூலையில் கிடந்த பழைய 'சக்' ஒன்றை, லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வட்டக் கட்டையை, உருட்டி வந்தான். அறுபது ராத்தல் இரும்பு. பெல்ட் துண்டால் அதை முதலாளியின் வயிற்றோடு கட்டினான்.

இப்போது மூழ்கினார்... நாலு குமிழி... அவ்வளவுதான்.

மேலே இரும்புத் தகட்டை இழுத்து மூடினான்.

அந்தத் தொட்டியே மலையாண்டியின் மூளையில் உதித்ததுதான். லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றும் எண்ணெய்த் தண்ணீருக்குக் கூலன்ட் என்று பெயர். பார்க்கப் பால் மாதிரி இருக்கும். ஆறு லேத்திலிருந்தும் வழியும் கூலன்ட், சொட்டுக்கூட வீணாகாமல், தரைக்கடியில் கட்டிய சிமென்ட் தொட்டிக்கு வந்து சேரும். பம்ப் அதையே மறுபடி மேலே ஏற்றும்.

நல்ல யோசனை. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பழசைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றுவது வீண் செலவு என்று பதினொரு மாதமாக அதையே ஓட்டினார். கூலன்ட் ஊசிப்போயிற்று. செத்த எலி நாற்றம். பட்டறையைத் தாண்டும் சைக்கிள்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தார்கள். அதிலேயே கை வைத்து வேலை பார்த்த பிச்சைமுத்துவின் விரல்கள் வெடித்து, சீழ் கட்டி, துணிக்கட்டுக்குள் போய்விட்டன.

அதற்குமேல் ஒரு சட்டம் வேறு. கூலன்டில் நனைந்த எதுவும் பிழியாமல் வெளியே போகக் கூடாது. துடைத்த துணியோ, பஞ்சோ, போட்டிருக்கும் சட்டையோ... தொட்டிமேல் பிழிந்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டலாம்.

இன்றைக்கு வாசலில் நின்று அவர் பிச்சைமுத்துவின் கையைப் பார்த்தார்.

"கட்டு நனைஞ்சிருக்குல்ல?"

"புண்ணுக்குப் போட்டதுங்க மொதலாளி."

"புண்ணு ஒன்னோடது. எண்ணெ என்னோடது. அவுத்துப் புழிஞ்சுட்டுப் போ."

அவிழ்த்தான். துணியோடு தோலும் கொஞ்சம் வந்தது. தொட்டிமேல் பிழிந்தான். வெள்ளையில் சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது.

மலையாண்டியும் பக்கத்தில் குனிந்து பார்த்தார். "இன்னம் ரெண்டு சொட்டு இருக்கு பாரு."

அதுதான் அவருடைய கடைசிச் சிக்கனம்.

பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பானர் கிடந்தது!

திங்கட்கிழமை. பட்டறைக்கு முதல் ஆளாக வந்தது பிச்சைமுத்துதான். சனிக்கிழமை கழுவிவிட்டுப் போன தரையை ஒருமுறை பார்த்தான். சுத்தம். நாற்றம் மட்டும் ஒரு பங்கு கூடியிருந்தது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒருவனுக்காவது மூக்கு வேலை செய்ய வேண்டுமே... பதினொரு மாதத்தில் எல்லா மூக்கும் செத்திருந்தது.

முதலாளி மலிவு எண்ணெய் வாங்க சனிக்கிழமை ராத்திரி ரயிலில் மெட்ராஸ் போவதாக ஊருக்கே சொல்லி வைத்திருந்தார். தேடவும் ஆளில்லை.

பிழைத்தோம் என்று நினைத்தான். இந்த நாற்றத்தைக் கட்டிக் காத்த புண்ணியவானுக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொன்னான். வழக்கமான காலை வேலைகளை முடித்தான். லேத்தை ஓட்டினான். முதலாளியைத் தொட்டுவிட்டு வந்த கூலன்ட், வெள்ளையாக அவன் விரல்மேல் கொட்டியது.

பதினொரு மணிக்கு ஜீப் வந்து நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் நாகராசு மூக்கில் கைக்குட்டையோடு இறங்கினார். பின்னால் மூன்று கான்ஸ்டபிள்கள், முதலாளியின் மனைவி அமராவதி. மெட்ராஸில் இருக்கும் அவள் தம்பி எழும்பூர் ஸ்டேஷனில் காத்திருந்து ஏமாந்து தந்தி அடித்திருந்தானாம்.

முதலாளியைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று நாகராசு கேட்டார். பிச்சைமுத்து ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தான். பையோடு ஸ்டேஷன் பக்கம் நடந்தார், நான் இங்கிட்டுத் திரும்பிவிட்டேன்... நாகராசு தலையாட்டினார். அந்த நாற்றத்தில் அவருக்கும் சீக்கிரம் போனால் போதும் என்றிருந்தது.

வாசல்வரை போனவர் நின்றார்.

"சுவத்துல என்னய்யா இவ்வளவு கோடு?"

பிச்சைமுத்துவுக்கு மூச்சு வந்தது. கடைசியாகப் படித்த கேள்வியே பரீட்சையில் வந்த மாதிரி!

"தொட்டி மட்டங்க. காலைல மொத ஆளா வாரவன் கம்பிய விட்டு அளந்து, நனைஞ்ச ஒசரத்துக்குச் சாக்பீசுல கோடு போடணும். பக்கத்துல அவன் பேரோட மொத எழுத்தப் போடணும். ஆவியாப் போறது, இரும்புச் சுருள்ல ஒட்டிக்கிட்டுப் போறதுன்னு தெனம் அரை விரல் எறங்கும். அதுக்கு மேல எறங்குனா மொதலாளி தோல உரிச்சுருவாரு."

"தெனம் அரை விரல்."

"அரை விரலுங்க."

"ஏறாது?"

"எப்படிங்க ஏறும்? ஒண்ணாந்தேதி மொதலாளி எண்ணெ ஊத்துனாத்தான்..."

பிச்சைமுத்து சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

சுவரில் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே வந்தன. சனிக்கிழமைக் கோடு எல்லாவற்றுக்கும் கீழே. அதற்கடுத்த கோடு, மூன்று விரல் மேலே!

பக்கத்தில் 'பி'.

எவனும் போட்டுக் கொடுக்கவில்லை. காலையில், பதினொரு மாதப் பழக்கத்தில் கை அதுவாகவே கம்பியை விட்டிருக்கிறது. அளந்திருக்கிறது. ஒரு நூல் பிசகாமல் கோடு போட்டு, கையெழுத்தும் வைத்திருக்கிறது.

"நேத்து லீவு," என்றார் நாகராசு. "எண்ணெ டிரம், தண்ணிக் குழா... சாவியெல்லாம் யாருகிட்ட?"

அமராவதி பதில் சொன்னாள். "அவரு இடுப்புலதான்யா. தூங்குறப்பகூட அவுக்க மாட்டாரு."

"அப்ப மூணு விரல் எப்படிய்யா ஏறுச்சு?"

பிச்சைமுத்து ஒரு பொய் தேடினான். மூன்று விரல் அளவுக்கு எதுவும் பொருந்தவில்லை.

இரண்டு கான்ஸ்டபிள்கள் தகட்டைத் தூக்கினார்கள். கயிறு போனது... ஒரு கை வந்தது... இடுப்பில் சாவிக்கொத்து மின்னியது.

பிச்சைமுத்துவின் துணிக்கட்டுப் போட்ட கையில் விலங்கு ஏறியது. மூன்றாவது கான்ஸ்டபிள் விரலைத் தொடாமல் பூட்டுவதற்குச் சிரமப்பட்டார்.

மலையாண்டியைத் தொட்டி விளிம்புவரை இழுத்துவிட்டார்கள். அவர் மேலிருந்து வெள்ளை வெள்ளையாக வழிந்து, வாசல் பக்கம் ஓடத் தொடங்கியது.

நாகராசு தொப்பியைக் கழற்றினார். அலறலை எதிர்பார்த்து அமராவதி பக்கம் திரும்பினார்.

அவள் கிட்டே வந்தாள். கணவரைப் பார்த்தாள். தரையில் ஓடுவதைப் பார்த்தாள். உதடு துடித்தது. கண் நிறைந்தது.

ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நாகராசு மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணுதான்யா," என்றாள் அமராவதி. "வேட்டியப் புழிஞ்சு விட்டுட்டுத் தூக்கச் சொல்லுங்க."