சனிக்கிழமைத் தண்ணீர்

சோப்பு ஈரமாக இருந்தது.

குளியலறை அலமாரியைக் காலி செய்ய வந்த நோலா, காலியான குளியல் தொட்டியின் விளிம்பில் கிடந்த பச்சை சோப்புத் துண்டை எடுத்துக் குப்பைப் பையில் போடப் போனாள். அது விரல்களுக்கு நடுவே வழுக்கித் தரையில் விழுந்தது. உள்ளங்கையில் நுரை. அண்ணன் கிளைவ் போன குளிர்காலத்தில் இறந்ததிலிருந்து பூட்டிக் கிடக்கும் வீடு இது. பம்ப்பை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். மெல்போர்னுக்கு வெகு வடக்கே, இந்த மாலிச் சீமையின் வறட்சியில் வேலிக்கால்களே விரிசல் விட்டு நிற்கும்போது, ஒரு சோப்பு யாருக்காக நுரைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்?

பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பழைய சாமான் வியாபாரி மெர்வ் கை கழுவியிருப்பான் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். அறுபத்தாறு வயதில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. இடுப்புவலிதான் அவற்றை நின்று யோசிக்க விடுவதில்லை. அவளுக்குத் தேவை இந்த வீட்டை ஒழித்துவிட்டு மெல்போர்ன் போவது, அவ்வளவுதான். அங்கே மகள் ட்ரூடி நிறைமாதமாக இருந்தாள். இரண்டு முறை கலைந்து, நாற்பதை நெருங்கும் வயதில் தங்கிய பிள்ளை. திங்களன்று சாவியைக் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், இந்த உடம்பு அப்புறம் எப்படிப் போனாலும் பரவாயில்லை.

மற்ற அறைகளையும் ஒருமுறை சுற்றிவிட்டு அவள் வாசலுக்கு வந்தபோது, மெர்வ் கடைசிச் சுமைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். இறைச்சி வைக்கும் கம்பிவலைப் பெட்டி, ரொட்டி டின், துணி பிழியும் உருளை, குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்ட ரேடியோ எல்லாம் அவன் வண்டியில் குப்புறக் கிடந்தன. நினைவுகளுக்கு விலையே கிடையாது என்பார்கள். மெர்வும் அதைத்தான் சொல்வான். வாங்க ஆளில்லாத சரக்குக்கு எப்படி விலை வைப்பது?

"அம்மணி, தொட்டிய நாளைக்குத்தான் எடுக்கணும். வார்ப்பிரும்பு. ஒத்தை ஆளா அத நான் தூக்கினா, அப்புறம் என்னைத் தூக்க நாலு பேர் வேணும்."

"உள்ள கை கழுவினியா மெர்வ்?"

"கையா?" இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினான். நகக்கண்ணில் ஒரு வாரத்து மண். "இதப் பாத்தா கழுவின கை மாதிரியா இருக்கு? என் பொண்டாட்டி கேட்டா சிரிப்பா." கயிற்றை இழுத்து முடிந்தான். "நீங்கதான் குளிக்கப் போறீங்கன்னு நெனச்சேன். இப்பப் போய்த் தொட்டிய அளந்தேன், தண்ணி நெறஞ்சு நிக்குது. பாய்லர் வேற கொதிக்குது. கைய வச்சுச் சுட்டுக்கிட்டேன்."

வண்டி கிளப்பிய சிவப்புத் தூசி அடங்கும்வரை நோலா அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

தொட்டியில் தண்ணீர் இருந்தது. சற்றுமுன் இல்லாத தண்ணீர். மேலே மெல்லிய சோப்புப் படலம், அதற்குக் கீழே கலங்கிய சாம்பல் நிறம், ஓரத்தில் அழுக்கு ஒட்டிய வளையம். யூகலிப்டஸ் சுள்ளி எரிந்த புகையும், மலிவான சோப்பும், ஈரத் துணியும், ஆட்டுக்கொழுப்பும் கலந்த வாசனை. அந்த வாசனையை அவளுக்குத் தெரியும். இந்த வீட்டின் சனிக்கிழமைக்கு மட்டும் உள்ள வாசனை அது.

தகர டாங்க்கில் மழை விட்டுவைத்ததுதான் அந்தக் காலத்தில் வீட்டுக்கு மொத்தத் தண்ணீர். வாரத்துக்கு ஒரு குளியல். ஐந்து பேருக்கும் ஒரே தண்ணீர். சுள்ளி பாய்லர் ரயில் மாதிரி உறுமும். முதலில் அப்பா. பிறகு அம்மா, கிளைவ், அக்கா பெரில், கடைசியில் நோலா. அவள் முறை வரும்போது தண்ணீர் வெதுவெதுப்பையும் இழந்து, நாலு பேருடைய வாரமும் கரைந்து, பால் குறைந்த தேநீர் போலிருக்கும். கதவுக்கு வெளியே துண்டோடு நின்றபடி, உள்ளே இருப்பது யார் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அப்பா என்றால் கனைப்பு. கிளைவ் என்றால் குதிகாலால் தொட்டியை உதைப்பான். பெரில் உள்ளங்கையைத் தட்டையாக விரித்துத் தண்ணீரை அறைவாள். பட், பட், பட். தங்கை வெளியே நடுங்குகிறாள் என்று தெரிந்தே அறைவாள்.

நோலா வராந்தாவுக்கு வந்து, அடிலெய்டில் இருக்கும் பெரிலைப் போனில் கூப்பிட்டாள்.

"இன்னும் அங்கதான் இருக்கியா?" பெரிலின் குரல் சளியில் புதைந்து வந்தது. வாரம் முழுக்கப் படுக்கையில்தான் இருந்தாள். "கிளைவோட ஓட்டைக் காலுறையக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு உக்காந்திருப்பே."

"பெரில், தொட்டில தண்ணி இருக்கு. சுடுதண்ணி."

"எந்தப் புண்ணியவான்டி அது? குளிச்சுட்டு வா. நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது."

"வெளையாடாத. பம்ப்பே ஓடல. தண்ணி அழுக்கா இருக்கு. யாரோ குளிச்ச தண்ணி."

இருமல். நெடுநேரம். பிறகு, "அடைப்பப் பிடுங்கி விட்டுட்டியா?"

"இல்ல."

"விட்டுடாதடி! இந்த வறட்சில! எலுமிச்சை மரத்துக்கு வாளில மொண்டு ஊத்து. அம்மா இருந்திருந்தா முதுகுத் தோல உரிச்சிருப்பா."

வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் முதல் வேலையாகத் தொட்டித் துவாரத்து அடைப்பைச் சங்கிலியோடு பிடுங்கியிருப்பாள். டாங்க் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்குக் கை வராது. அழுக்குத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுவது ரொட்டியைக் குப்பையில் எறிவது மாதிரி. நோலா வாளியைத் தேடினாள். வாளி மெர்வின் வண்டியில் போய்விட்டிருந்தது. சமையல் பாத்திரங்கள், தேநீர்க் கோப்பைகள்கூடப் போய்விட்டன. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். கால்கள் கனத்தன. அந்தத் தண்ணீர் அங்கேயே நின்றது.

வெளிச்சம் மங்கும் நேரத்தில், காலிக் கூடத்தில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து, காகிதத்தில் சுற்றி வந்த ரொட்டியையும் குளிர்ந்த ஆட்டிறைச்சியையும் தின்றாள். சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெளுத்த சதுரங்கள். நடைபாதைக் கோடியில் குளியலறைக் கதவு திறந்திருந்தது. மெல்லும்போதே அது மூடியது. காற்றில் அறைந்த சத்தமில்லை. உள்ளே இருந்து ஒரு கை பார்த்துப் பக்குவமாக மூடியது போல, கடைசியில் தாழ்ப்பாள் கிளிக்கென்று விழுந்தது.

தண்ணீர் விலகும் சத்தம். ஒரு உடம்பு இறங்கி அமரும் சத்தம். பிறகு,

பட். பட். பட்.

நோலாவுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். ரொட்டி வாயில் இருக்க, எத்தனையோ வருஷத்துப் பழக்கத்தில், "போதும் பெரில், ஆறிடும்!" என்று கத்தியேவிட்டாள்.

அறைவது நின்றது.

உள்ளே யாரோ இருமினார்கள். சளியில் புதைந்த இருமல்.

அப்போதுதான் அவளுக்குக் கணக்கு புரிந்தது. முதலில் அப்பா போனார். அடுத்து அம்மா. போன குளிர்காலம் கிளைவ். வரிசை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அது குளியலுக்கு மட்டுமான வரிசையாக என்றைக்குமே இருந்ததில்லை.

போனை எடுத்து வராந்தாவுக்கு ஓடினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது பெரிலின் கணவர் லென்.

"லென், அவள எழுப்புங்க. சீக்கிரம்."

"நோலா... அவ தூங்குறான்னுதான் நெனச்சேன். சூப் கொண்டுட்டுப் போனேன்... ஜில்லுனு இருக்கா நோலா. அப்புறம், தலை... தலையெல்லாம் நனஞ்சு சொட்டுது. படுக்கையில இருந்தவளுக்கு எப்படி..."

வீட்டுக்குள் தாழ்ப்பாள் விலகியது.

கார் முற்றத்தில் நின்றது. சாவி பையில். போய்விடலாம். ஆனால் அந்தத் தண்ணீர் இங்கே காத்திருக்கும். ட்ரூடியின் வீட்டில், பிள்ளையை மடியில் வாங்கும் நேரத்தில், தன் தலையிலிருந்து ஈரம் சொட்டுவதை நோலா மனக்கண்ணில் பார்த்துவிட்டாள். இல்லை. இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். அந்தப் பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்க்கிற அளவுக்காவது வேண்டும்.

எலுமிச்சையாவது மண்ணாவது.

நடைபாதையில் ஈரக் காலடிகள் பெரிலின் பழைய அறைப் பக்கம் திரும்பியிருந்தன. அவற்றை மிதிக்காமல் நடந்தாள். குளியலறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. தண்ணீர் இப்போது பால் குறைந்த தேநீர் நிறம். மேலே நீளமான ஒரு நரைமுடி மிதந்து சுழன்றது. அவளுக்குரிய தண்ணீர். வெதுவெதுப்புகூட இல்லாத, எப்போதும் அவளுக்கென்று மிச்சப்பட்ட தண்ணீர்.

முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள்வரை கையைவிட்டுத் துழாவினாள். வழவழப்பு. சங்கிலி. இழுத்தாள்.

அடைப்பு பிடுங்கிக்கொண்டது.

தொட்டி ஒரு பெரிய மிருகம் தொண்டையைக் காறுவது போல உறுமி, தண்ணீரைக் கீழே இழுத்தது. முடியும் போயிற்று, படலமும் போயிற்று. வெறும் தொட்டி. நோலா தரையில் சரிந்து, குளிர்ந்த இரும்பில் நெற்றியை வைத்து அழுதாள். முடிந்தது. அவளோடு நின்றது. முறையே இல்லையென்றால் யாரும் இறங்க வேண்டியதில்லை.

கைக்குள் சங்கிலி அசைந்தது.

அடைப்பு அவள் விரல்களிலிருந்து மெல்ல நழுவி, தொட்டியில் ஊர்ந்து, துவாரத்தில் போய் உட்கார்ந்தது.

பாய்லர் உறுமியது. குழாய் திறந்தது. தண்ணீர் விழுந்தது. சூடாக. தெளிவாக. அடியில் இருந்த பீங்கான் பூச்சின் ஒவ்வொரு கீறலும் தெரியும் அளவுக்குத் தெளிவு. இந்தத் தொட்டியில் அப்படியொரு தண்ணீரை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அது அப்பாவின் தண்ணீர். வீட்டுக்குப் பெரியவர் இறங்கும் தண்ணீர்.

புதுத் தண்ணீர். புது வரிசை.

பெரியவள், இப்போது, அவள்தான்.

பின்னால் நடைபாதையில் பலகை கிரீச்சிட்டது. கால் மாற்றி நிற்கும் சத்தம். குளிரில் நிற்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

திரும்பாதே.

திரும்பினாள்.

வாசலுக்கு வெளியே ட்ரூடி நின்றிருந்தாள். இரவு உடுப்பு. தோளில் துண்டு. தூக்கம் கலையாத கண்கள். வயிறு தட்டையாக இருந்தது. அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, முட்டியளவு உயரத்தில், இன்னொன்று நின்றது. அதன் தோளிலும் ஒரு சின்னத் துண்டு. நிற்கப் பழகாத கால்களில் நின்று, முகம் இன்னும் உருவாகி முடியாத தலையைத் தூக்கி, கண் வர வேண்டிய இடத்தில் மூடியிருந்த தோலால் நோலாவைப் பார்த்தது.

"சீக்கிரம்மா," என்றாள் ட்ரூடி. "எங்களுக்கு ஆறிடும்."