பல் டாக்டர் வீட்டுத் தொட்டியில் மயங்கிய மீன்கள்

"என் மீனுக்கு யாரோ விஷம் வச்சிருக்காங்க. யாருன்னும் தெரியும். ஆளை பஸ் ஸ்டாண்ட்ல கொண்டுபோய் விடணும், வண்டியோட வாங்க."

பல் டாக்டர் போனில் இப்படிச் சொன்னதுமே டிரைவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவன் மனைவி வீடு வீடாகப் போய் மீன்தொட்டி பார்ப்பவள். உப்புத்தண்ணீர்த் தொட்டி என்றால் எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளைக் கொண்டுபோய் விடுவதும், கேட்காத யோசனை சொல்வதும் இவன் வேலை.

மூன்றாவது மாடி. கதவோரம் ஒரு பெட்டி, பக்கத்து நாற்காலியில் டாக்டரின் மாமனார் விறைப்பாக.

"இவர்தான்." டாக்டர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "வந்து எட்டு நாள். ஏழு நாளா மீன் மயங்கி விழுது, ரெண்டு செத்தும் போச்சு. மோட்டார் சத்தத்துல தூக்கம் வரலையாம், 'இந்த மீனுங்க ஒழிஞ்சாத்தான் நிம்மதி'ன்னு இவர் வாயாலயே சொன்னார். இவர் பொண்ணு அழுதுட்டேதான் வேலைக்குப் போனா."

"சொன்னேன். வாய்தான் எனக்கு எதிரி," என்றார் மாமனார்.

டிரைவர் சும்மா இருப்பானா? பெட்டிமேல் கிடந்த சட்டையைத் தொட்டதும் ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. "தூக்க மாத்திரை! அடிச்சுச் சொல்றேன், பெரியவர்தான்."

தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே கேட்டாள்: "எத்தனை குறையுது?"

எண்ணிப் பார்த்தான். ஒன்றுகூடக் குறையவில்லை. "இது புது அட்டையா இருக்கும்..."

"என்னங்க, பக்கெட்டை எடுத்துட்டு வாங்க."

தண்ணீரில் உப்பும் சூடும் சரியாகவே இருந்தன. மஞ்சள் மீனும் வரி மீனும் மணலில் பக்கவாட்டில் கிடந்தன. செவுள் எப்போதாவது ஒருமுறை அசைந்தது. பாறை இடுக்கில் ஒரு சிவப்புக் குட்டி மட்டும் துறுதுறுவென்று எட்டிப் பார்த்தது.

"எப்போ விழுது சார்?"

"சாயங்காலம், தீனிக்கு அப்புறம். இப்பவும் போட்டு அரை மணி நேரம்தான் ஆகுது. காலையில பொழைச்சது எந்திரிக்கும்."

"இந்தச் சிவப்பு?"

"அது கூச்ச சுபாவம். தீனிக்கு வராது, பாறையில ஒட்டினதைத் தின்னும். மத்ததுக்கெல்லாம் இறாலை அரைச்சு, நானே வாய்க்கு நேரா விடுவேன். வேற யாரையும் விடமாட்டேன்."

மேஜையில் ரப்பர் தலை வைத்த சொட்டுக்குழாயும் அதன் பாட்டிலும் இருந்தன. அவள் எடுத்தாள். "இது புதுசா?"

"வந்த அன்னிக்கே இவர் பழைய தீனிக் கிண்ணத்துல பல்செட்டைப் போட்டு வச்சார். அருவருப்பாயிடுச்சு. மறுநாள் கிளினிக்ல இருந்து இதைக் கொண்டுவந்தேன். நல்லா கழுவித்தான்."

"மோந்து பாருங்க."

"ஒரு வாசனையும் இல்லையே."

அவள் அதை மாமனாரிடம் நீட்டினாள். முகர்ந்ததுமே அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "கிராம்பு எண்ணெய்! மாப்பிள்ளை என் பல்லைப் புடுங்குறதுக்கு முன்னாடி பஞ்சுல வச்சாரே, அதேதான்!"

"கிராம்பு எண்ணெய் மீனை மயக்கும் சார்," என்றாள் அவள் நிதானமாக. "காயத்துக்கு மருந்து போடணும்னா நானே அளந்து கலப்பேன். அளவு மீறினா செவுள் நின்னுடும். நீங்க குழாயோட கண்ணாடியைக் கழுவினீங்க, ரப்பர் குடிச்ச எண்ணெய் கழுவினா போகுமா? தினமும் தீனியோட நேரா மீன் வாய்க்குப் போயிருக்கு. தொட்டித் தண்ணியில விஷம்னா அந்தக் குட்டியும் விழுந்திருக்கும். வாங்கித் தின்னது மட்டும்தான் விழுது. ஊட்டினது நீங்க ஒருத்தர்தான்."

"எனக்கு ஏன் வாசனை தெரியல?"

"பொழுதுக்கும் அதுலயே நிக்கிறீங்க. உங்க சட்டைகூட அதே வாசனைதான்."

பக்கெட்டில் புது உப்புத்தண்ணீரில் விட்ட வரி மீன் ஒரு தடவை துள்ளி, தள்ளாடி நிமிர்ந்தது. டிரைவர் மாத்திரை அட்டையை ஓசைப்படாமல் பெட்டிமேலேயே வைத்தான்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "மாமா..."

"என்கிட்ட வேணாம் மாப்பிள்ளை. என் பொண்ணுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்க. எனக்கும் கேக்குற மாதிரி."

டாக்டர் ஸ்பீக்கரைப் போட்டு மனைவியை அழைத்தார். "அப்பா கெளம்பிட்டாரா?" அழுத குரல்.

"இல்ல. மீனைக் கொன்னது... நான்தான்."

டாக்டர் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அப்பா, இருக்கீங்களா? நானும்... நீங்கதான்னு நம்பிட்டேன்பா."

மருமகன் பேசியபோதெல்லாம் அசையாமல் உட்கார்ந்திருந்த மனிதர், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.